பாசி கட்டினா காசு வருமோ: பரவைக்கடல் கிராமம் ஒண்டின்ர நிகழ்வு ஆய்வு

கடற்பாசி வளத்தா நல்ல காசு எண்டு கேள்விப்படாத ஆள் எங்கட கரையில இப்ப இல்லை. கூட்டம் வைக்க வாறவையும் அதைத்தான் சொல்லினம், புரொஜெக்ட் எழுதுறவையும் அதைத்தான் எழுதினம். நான் இஞ்ச எழுதப் போறது பாசி, நண்டு, கடல் அட்டை எண்டு மூண்டு தொழிலும் ஒரே தண்ணிக்குள்ள வந்து நிண்டா ஆற்ற கைக்குக் காசு போகுது, ஆற்ற கையில இருந்து போகுது எண்டதைப் பற்றி. கிராமம் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில, தீவகப் பக்கம் இருக்கு. பேர் போடேல்ல, ஏனெண்டா இதில வாற சனம் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச சனம், ஊர்ப்பேர் போட்டா ஆர் எவர் எண்டு அடுத்த நிமிசமே கண்டுபிடிச்சிடுவினம். ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின்ர கணக்குப் புத்தகம் பாக்கிற ஆள் எண்டபடியால எனக்குக் கொஞ்சம் உள்விசயம் தெரியும், அவ்வளவுதான்.

முடிவை முதல்லயே சொல்லிவிடுறன். பாசி நல்ல உபதொழில், அதை முழுத்தொழிலாக்கினா அடி விழும். இருக்கிற நண்டைப் பெரிசா விட்டுப் பிடிச்சு ஒழுங்கா வித்தாலே பாசியால வாறதை விடக் கூட வரும். ஆனா தண்ணியில ஆருக்கு எந்த இடம் எண்டதைச் சங்கம் முதல்ல தீர்மானிக்காட்டி இரண்டும் சரிவராது, அந்தக் குழப்பத்துக்குள்ள வேலி போடத் தெரிஞ்ச ஆள்தான் வெல்லுவார்.

கடலின்ர குணம்

பரவைக்கடல் எண்டு நாங்கள் சொல்லுற இந்தக் கடல்நீரேரியில கன இடத்தில இடுப்பளவு தண்ணிதான். போட் இல்லாத சனமும் நடந்து போய்த் தொழில் செய்யும். மீனுக்குக் கூடு, களங்கட்டி, சிறகுவலை, இறாலுக்கு வீச்சுவலை, நண்டுக்கு நண்டுவலை, பொம்பிளையள் கையால தடவிப் பொறுக்கிறது எண்டு எல்லாம் அந்த இடுப்பளவு தண்ணிக்குள்ளதான் நடக்குது. அடியில சாதாளை எண்ட கடற்புல் தரை. ஒட்டி மீனும் ஓரா மீனும் மேயிறது, இறால் குஞ்சு பதுங்கிறது, நண்டுக்குஞ்சு வளருறது எல்லாம் அந்தச் சாதாளைக்குள்ளதான், அதை அழிச்சா மிச்சம் ஒண்டும் இல்லை.

குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறு எண்டு ஒண்டும் இல்லை. அதால தண்ணியின்ர உப்பு மழையோடதான் ஏறி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில வழுக்கையாறாலயும் வாய்க்கால் மதகுகளாலயும் வெள்ளம் வந்து விழ உப்பு சடாரெண்டு இறங்கும். பேந்து மாரி முடிஞ்சு பங்குனி சித்திரையில இருந்து வெயில் காய்ச்சத் தொடங்க ஓரத்துத் தண்ணி பெருங்கடலை விட உப்பாப் போயிடும், மத்தியானத்தில காலை வச்சா சுடும். இதை ஏன் இவ்வளவு விளக்கமாச் சொல்லுறன் எண்டா பாசித் திட்டம் எழுதுற கன பேர் கடலெண்டா எல்லா இடமும் ஒரே கடல் எண்டு நினைச்சுத்தான் எழுதினம், பாசிக்கு அந்த நினைப்பு இல்லை.

மண்ணெண்ணெய் ஏறின வருசம்

எங்கட பக்கத்துச் சின்னப் போட்டுகளின்ர அவுட்போட் இஞ்சின் மண்ணெண்ணெயிலதான் ஓடுறது. 2022 ஆவணியில லீற்றர் 87 ரூபாவா இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில 340 ரூபாவாச்சு. அதுக்கு முதலே எண்ணெய் கிடைக்கிறதில்லை, வரிசையில நிண்டு வெறுங்கான் கொண்டு திரும்பின காலம் அது. விலை ஏறின பிறகு எண்ணெய் கிடைச்சுது, ஆனா ஒருக்கா ஓடி வந்தா எண்ணெய்க் காசே தேறாது எண்ட நிலைமை. போட்டைக் கரையில ஏத்திப்போட்டு ஆக்கள் திரும்பப் பரவைக்கடலுக்குள்ள நடந்து இறங்கினது அப்பதான். முந்தி நடந்து தொழில் செய்தவை இருந்த இடத்துக்குள்ள போட்காரரும் வந்து சேர, கூட்டுக்குக் கூடு முட்டி, வலைக்கு மேல வலை விழுந்து, சங்கக் கூட்டத்தில கதிரை தூக்காத குறை.

பாசி வந்தது அந்த நேரத்தில. அதுக்கு எண்ணெய் வேண்டாம், போட் வேண்டாம், வலை வேண்டாம், தடியும் கயிறும் காணும். சனம் "சரி கட்டிப் பாப்பம்" எண்டு இறங்கினதுக்கு உதுதான் உண்மையான காரணம்.

பாசி கட்டுறது

வளக்கிறது கப்பாபைகஸ் எண்ட இனம். இது இஞ்சத்தையான் பாசி இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சாமான். அதில இருந்து எடுக்கிற கராஜீனன் எண்ட பசைப்பொருள் ஐஸ்கிறீமைத் தடிப்பாக்க, பற்பசையைச் சேர்த்துப் பிடிக்க, சோஸ், இறைச்சிச் சாமான் எண்டு கன விசயத்துக்குப் போகுது. விதை கிடையாது. வளந்த செடியில முறிச்சு எடுத்த துண்டுதான் விதை. நூறு, நூற்றைம்பது கிராம் துண்டைக் கயிற்றில இடைவெளி விட்டுக் கட்டிக் கொண்டு போறது, கயிற்றை இரண்டு பக்கமும் தடி நட்டு அடியில முட்டாமல் இழுத்துக் கட்டுறது. ஆழமான இடமெண்டா மூங்கில் தெப்பம். 45 நாள் மட்டில எடுக்கலாம்.

எங்கட ஊரில இதைச் செய்தது முழுக்கப் பொம்பிளையள். ஒரு அக்கா, மனுசன் முந்தி ரோலர் எண்ட இழுவைப்படகில போனவர், இப்ப முதுகு ஏலாமல் வீட்டில, மூண்டு பிள்ளையள். தண்ணி வத்துற நேரம் பாத்து வெள்ளன இறங்குவா. கயிறு கயிறாப் பிடிச்சுக் குலுக்கி விடோணும், இல்லாட்டி சேறு படிஞ்சு மற்றப் பாசி தொத்தி வெளிச்சம் பிடியாது. குலுக்கேக்க நுனியைப் பாக்கோணும். நுனி கூரா மினுக்கமா இருந்தா வளருது. மொட்டையா வட்டமாக் கடிபட்டிருந்தா ஒட்டி மேஞ்சிட்டுது. எங்கட கடல் ஒட்டிக்கும் ஓராவுக்கும் பேர்போன கடல், அதே ஒட்டிக்கு இந்தப் பாசி நல்ல சாப்பாடு எண்டதை முதல்ல ஆரும் சொல்லேல்ல! தெப்பமெண்டா அடியில வலை கட்டலாம், தடியில கட்டின கயிற்றுக்கு எங்க கட்டுறது. கடைசியில அக்கா தன்ர கயிறுகளுக்குப் பக்கத்திலயே இரண்டு கூடு வச்சா, மேய வாற ஒட்டி கூட்டுக்குள்ள. கறிக்கு ஆச்சு. எந்தப் புரொஜெக்ட் புத்தகத்திலயும் இல்லாத உத்தி அது.

மற்ற வருத்தம் வெள்ளை விழுறது. தண்டு ஒரு இடத்தில வெளிறிக் கண்ணாடி மாதிரியாகி அந்த இடத்தில அறுந்து விழும், மிச்சம் நல்லா இருந்தாலும் கடலோட போயிடும். சூடு கூடினாலும் வரும், உப்பு இறங்கினாலும் வரும், எங்கட தண்ணியில இரண்டும் வருசாவருசம் நடக்கிற விசயம். மழைக்கு முதல் எடுத்துப்போடோணும், ஆனா முழுக்க எடுத்தா அடுத்த முறைக்கு விதை இல்லை, விட்டா செத்திடும். இந்த இடத்திலதான் கன பேர் விழுந்து போச்சினம்.

காய வைக்கிறதும் லேசில்லை. மணலில விரிச்சா மண் ஒட்டும், ஒட்டினா வாங்கிறவர் கழிப்பார். தடியில வலை கட்டிப் பரண் மாதிரிச் செய்து அதில போடோணும். காய்ஞ்சு கொண்டிருக்கேக்க ஒரு மழைத் தூறல் பட்டாக் காணும், நிறம் போய்ச் சத்தும் கரைஞ்சு போயிடும்.

இப்ப கணக்குக்கு வருவம். இக்கரையில ஒழுங்கான பதிவு குறைவு, அதால அக்கரை, தமிழ்நாட்டுக் கணக்கை எடுக்கிறன். ராமநாதபுரம் மாவட்டத்தில மண்டபம், பாம்பன் பக்கம் 12 அடிக்கு 12 அடித் தெப்பத்தில 60 கிலோ விதை கட்டினா 45 நாளில 200 கிலோவுக்கு மேல எடுக்கினம். அதில 60 கிலோ திரும்ப விதைக்குப் போகும், மிச்சம் 140. ஈரத்தில பத்துக் கிலோ காய்ஞ்சா ஒரு கிலோ மட்டில வரும், அப்ப ஒரு தெப்பத்துக்கு 14 கிலோ. காய்ஞ்ச பாசி ஒரு கிலோவின்ர விலை ஒரு கிலோ நண்டின்ர விலைக்குக் கிட்டவும் வராது. அவையள் அதுக்குத்தான் ஒரு ஆளுக்கு 45 தெப்பம் எண்டு கணக்கு வச்சது, ஒரு நாளைக்கு ஒரு தெப்பம் அறுத்து அதே நாளே திரும்பக் கட்டினா ஒவ்வொரு நாளும் கொஞ்சக் காசு வந்து கொண்டிருக்கும். எங்கட பக்கம் ஒருத்தருக்கு நாலஞ்சு தெப்ப அளவுக் கயிறு குடுத்து "வாழ்வாதாரம்" எண்டு போட்டோ எடுத்தா அது 45 நாளுக்கு ஒருக்கா வாற கைச்செலவுக் காசு, வாழ்வாதாரம் இல்லை. அக்கா சொன்னது: "தம்பி, நண்டு கழட்டினா கை கிழியும். இதுக்குக் கை கிழியாது, ஆனா காசை எண்ணேக்க மனசு கிழியும்."

அதுக்காகப் பாசி வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அக்காவின்ர கொப்பிக் கணக்கைப் பாத்தா ஒண்டு தெரியுது, பாசிக் காசு அவவின்ர கையில நேர வருகுது, மனுசன்ர கையாலயோ சம்மாட்டி முதலாளியின்ர கையாலயோ வாறேல்ல. பள்ளிக்கூடச் செலவும் சீட்டுக்காசும் அதில இருந்துதான். நண்டு இல்லாத கிழமையிலயும் அது வருகுது. சின்னக் காசு, ஆனா நம்பி இருக்கலாம். உபதொழில் எண்டா உதுதான்.

அக்கரையில நடந்தது

எங்களுக்கு முன்னம் நடந்த ஊர் ஒண்டு இருக்கேக்க அதைப் பாக்காமல் இறங்கிறது விசர் வேலை. மண்டபத்தில நிலையம் வச்சிருக்கிற மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனத்து ஆக்கள் 1990களில கப்பாபைகஸைக் கொண்டு வந்து பழக்கினவை, 2000 மட்டில பெப்சிகோ கொம்பனி ஒப்பந்த முறையில இறங்கினது, மகளிர் சுயஉதவிக் குழுக்களூடா கன குடும்பம் பிழைச்சது உண்மை. ஆனா 2013க்குப் பிறகு தண்ணி சூடேறிப் பாசி கூட்டமாச் செத்து உற்பத்தி விழுந்து போச்சு. எல்லாச் செடியும் ஒரு தாய்ச்செடியின்ர துண்டுதான் எண்டபடியால ஒண்டு தாங்காட்டி மற்றதும் தாங்காது.

இன்னொண்டு, மன்னார் வளைகுடாவில குருசடைத்தீவுப் பக்கம் இந்தப் பாசி கட்டுத் தப்பிப் போய்ப் பவளப்பாறையை மூடி வளருது எண்டு 2008ல ஆய்வுக்கட்டுரை வந்தது. அறுந்து விழுற துண்டு ஒவ்வொண்டும் ஒரு விதை எண்டதை மறக்கக் கூடாது. எங்கட கடல்நீரேரிக்குள்ள பவளப்பாறை பெரிசா இல்லை, சேறும் சாதாளையும்தான், ஆனா தீவுகளுக்கு வெளிப்பக்கம் பாறை இருக்கு. அதால பாசியை உள்ளுக்க, அலை குறைஞ்ச இடத்தில வைக்கிறது புத்தி. ஆனா உள்ளுக்கதான் உப்பு ஏறி இறங்கிறதும் கூட! இதுக்கு நடுவில சரியான இடம் எண்டு பாத்தா நீரோட்டம் ஓடுற வாய்க்காலின்ர ஓரங்கள்தான் மிஞ்சும், அந்த இடத்துக்குத்தான் எல்லாருக்கும் ஆசை.

நண்டில ஒழுகிற காசு

எனக்கு இந்த ஆய்வில முக்கியமான பகுதி இதுதான், ஏனெண்டா இதுக்குப் புதுசா ஒண்டும் கொண்டு வரத் தேவையில்லை.

நீலக்கால் நண்டுதான் எங்கட பக்கத்து ஏற்றுமதிச் சரக்கு. சதை பிரிச்சு அடைச்சு அமெரிக்காவுக்குப் போகுது, முழு நண்டா சிங்கப்பூர்ப் பக்கம் போகுது. 2013ல இருந்து கடலுணவு ஏற்றுமதியாளர் சங்கம் இதுக்கொரு மீன்பிடி மேம்பாட்டுத் திட்டம் நடத்தினது, அமெரிக்காவில மொன்டரே பே அக்வேரியத்தின்ர சீபுட் வோச் எண்ட தரம் பாக்கிற திட்டம் இந்த நண்டுக்கு மஞ்சள் தரம் குடுத்தது. சிவப்பு இல்லை, பச்சையும் இல்லை, பாத்து வாங்கலாம் எண்ட தரம். வாங்கிற நாடு இதைப் பாக்குது எண்டபடியால இது வெறும் பட்டம் இல்லை, சந்தைக்கான கதவு.

ஒழுகிறது எங்க எண்டு கேட்டா, மூண்டு நாலு இடத்தில. முதலாவது அளவு. பெரிய நண்டில பின்காலடியில இருக்கிற சதைக்கட்டி முழுசா வரும், அதுக்குத்தான் கூடின விலை. சின்ன நண்டில அது வராது, உதிரிச் சதைதான், அதனால வாங்கிறவர் தனியாப் பிரிச்சுப்போட்டு அரை விலை, கால் விலை எண்டு போடுவார். அதே சின்ன நண்டைக் கடலில விட்டிருந்தா சில மாசத்தில முழு விலை. இந்த நண்டு வளர வருசக்கணக்கு எடுக்கிற சாமான் இல்லை, ஒரு வருசத்துக்குள்ள முட்டை வைக்கிற பருவத்துக்கு வந்திடும், அதால விட்டதின்ர பலன் விட்டவரின்ர காலத்திலயே தெரியும். ஆனா நான் விட்டா பக்கத்து வலைக்காரன் பிடிப்பான் எண்ட பயம் இருக்கே, அதுதான் கதை. தனி ஒருத்தரா விடுறது முட்டாள்தனம், சங்கமா விட்டாத்தான் கணக்கு வரும்.

இரண்டாவது கழட்டுறது. வலை கரைக்கு வந்த உடன பந்தலுக்குக் கீழ வயசுபோனவையும் பொம்பிளையளும் இருந்து நண்டு கழட்டுவினம். அவசரத்தில இழுத்தா கால் முறியும், முன்கால் இல்லாத நண்டு இரண்டாம் தரம். எங்கட ஊரில ஒரு அப்பு, கண் சரியாத் தெரியாது, ஆனா அவர் கழட்டின நண்டில கால் முறிஞ்சது அருமை. இடது பெருவிரலால முதுகோட்டை அமத்திப் பிடிச்சு, முதல் பின்னாலத் துடுப்புக்காலில இருக்கிற கண்ணியை எடுப்பார், பிறகு பக்கக்கால், கடைசியாத்தான் முன்கால். கடிக்கிற காலுக்குக் கடைசியாத்தான் போகோணும் எண்டு சொல்லுவார், "அதுவே களைச்சுப் போய் விட்டுடும் மோனை." பெடியள் முன்காலைத்தான் முதல் பிடிக்கிறது, பயத்தில. கழட்டிற ஆளுக்குக் கூலி கிலோக் கணக்கில குடுக்காமல் முழுக்கால் நண்டுக்குக் கொஞ்சம் கூட எண்டு மாத்தினா முறியிறது குறையும். இது எங்கட சங்கத்தில இப்ப சில வாடிகளில, அதாவது கரையில மீன் போடுற கொட்டிலுகளில, நடக்குது, கணக்கு வைக்கிறது கரைச்சல்தான், ஆனா தரம் பிரிக்கேக்க இரண்டாம் கூடைக்குப் போறது குறைஞ்சிருக்கு.

மூண்டாவது வெயில். நண்டு செத்துப் போனா சதை ஒட்டும், எடையும் குறையும். ஈரச்சாக்கு, நிழல், ஐஸ், இது மூண்டும் இல்லாமல் லொறி வரும்வரைக்கும் பாத்துக் கொண்டிருந்தா விலை நிமிசத்துக்கு நிமிசம் இறங்கும். ஐஸ் வாங்கக் காசில்லாமல் நண்டை அவிச்சு விடுற வெயிலில வச்சிருக்கிறதைப் பாக்க எனக்கு எரிச்சல் வாறது. ஒரு ஐஸ்பெட்டிக்குச் செலவழிக்காத நிறுவனம் ஒரு பயிற்சிப்பட்டறைக்கு மத்தியானச் சாப்பாட்டோட செலவழிக்கும்.

நாலாவது சினை நண்டு. வயித்தில முட்டை முதல் செம்மஞ்சளா இருக்கும், பொரிக்கக் கிட்டக் கறுக்கும். ஒரு தாய் நண்டில முட்டை லட்சக்கணக்கில. அதை அப்பிடியே சட்டிக்கு அனுப்பிறது அடுத்த வருசத்தை அனுப்பிறது. விட்டிட்டு வா எண்டா ஆரும் விடான், அண்டைக்கு அடுப்பு எரியோணும். தாய்லாந்தில இதுக்கு நண்டு வங்கி எண்டு ஒரு முறை வச்சிருக்கினம், கறுத்த முட்டை நண்டை ஒரு கூட்டிலயோ தொட்டியிலயோ ஒண்டிரண்டு நாள் வச்சிருந்து முட்டை பொரிச்ச பிறகு நண்டை வித்துக் காசு எடுக்கிறது, பொரிச்ச குஞ்சு கடலுக்கு. பொரிக்கிறதில பிழைக்கிறது மிகக் கொஞ்சம்தான் எண்டாலும் சுழியத்தை விடக் கொஞ்சம் பெரிசு. எங்கட ஊரில இதுக்கு ஒரு தண்ணிப் பரலும் காத்துக் குடுக்கிற சின்ன மோட்டரும்தான் வச்சது. கரண்ட் போனா மோட்டரும் நிக்கும், அதால பேந்து கடலுக்குள்ளயே வலைக்கூடு கட்டினம், அது திறம்.

அட்டை வேலி

கடல் அட்டையில காசு இருக்கு, இல்லையெண்டு சொன்னா பொய். வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வச்சு, வலைவேலி போட்ட பண்ணைக்குள்ள விட்டு, சேற்றைத் திண்டு வளந்த பிறகு எடுத்து, குடல் எடுத்து அவிச்சுத் தோல் சுரண்டிக் காயவச்சு ஹொங்கொங், சீனாப் பக்கம் அனுப்பினா நல்ல விலை. காயேக்க எடை பயங்கரமா இறங்கும், நூறு கிலோ அஞ்சு கிலோ மட்டில வரும், அப்பிடியும் லாபம். இயற்கையில இந்த இனம் குறைஞ்சு போச்சு, 2013ல ஐயூசிஎன் எண்ட உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அழியிற ஆபத்தில இருக்கிற பட்டியலில போட்டது, அதால வளத்து எடுக்கிறது பிடிச்சு முடிக்கிறதை விட நல்லது எண்ட வாதத்திலயும் நியாயம் இருக்கு.

பிரச்சினை வேலி. பாசிக் கயிறுக்கு நடுவால ஒருத்தர் நடக்கலாம், கூடு வைக்கலாம். அட்டைப் பண்ணைக்குள்ள ஒருத்தரும் கால் வைக்கேலாது, களவு போகும் எண்டு காவல்கொட்டில், லைட், நாய் எல்லாம். 2022ல அமைச்சரவை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில 5,000 ஏக்கரில அட்டைப் பண்ணைக்கு அனுமதி குடுத்தது. அதுக்கு முதல் வருசம் கிளிநொச்சி மாவட்டக் கௌதாரிமுனையில சீனத் தொடர்புள்ள பண்ணை எண்டு பெரிய சர்ச்சை, பிறகு கிராஞ்சிப் பக்கம் கடற்றொழிலாளர் தொடர்ந்து போராட்டத்தில இருந்தவை. சீனாக்காரன் வந்தான் எண்டதைத்தான் பத்திரிகை பெரிசாப் போட்டது. எனக்கு அதை விடப் பெரிய விசயமாப் படுறது, வேலி போட்டது சீனாக்காரனோ எங்கட ஊர் முதலாளியோ, நடந்து இறால் பிடிச்ச மனுசிக்கு அந்த இடம் இல்லாமல் போனது ஒண்டுதான். அவவின்ர பேர் எந்தச் சங்கத்திலயும் அங்கத்தவரா இல்லை, படகு இல்லாத ஆளுக்குப் பதிவும் இல்லை, நட்டம் எண்டு கேக்கப் போனா நீங்கள் ஆர் எண்டு கேப்பினம்.

எங்கட ஊரில பண்ணை கேட்டவை ஊர் ஆக்கள்தான். குஞ்சு வாங்கவே நல்ல முதல் வேணும் எண்டபடியால அது வசதி உள்ள ரெண்டு மூண்டு பேருக்குத்தான் சரி. சங்கம் கடைசியில எடுத்த முடிவு, நீரோட்ட வாய்க்காலையும் சாதாளை அடர்ந்த இடத்தையும் ஒருத்தருக்கும் குடுக்கிறேல்ல, பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையில வள்ளம் போக வழி, நடந்து பொறுக்கிற பொம்பிளையளையும் அங்கத்தவரா எடுக்கிறது. கடைசி விசயத்துக்குத்தான் கூட எதிர்ப்பு. சந்தா கட்டுவினமோ எண்டு கேட்டவை, படகுக்காரர் கட்டாத சந்தா புத்தகத்தில எவ்வளவு கிடக்கு எண்டு நான் காட்ட வேண்டியதாப் போச்சு. நக்டா எண்ட தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபையிலயும் கடற்றொழில் திணைக்களத்திலயும் அனுமதி எடுக்கப் போகேக்க சங்கத்தின்ர கடிதம் கேப்பினம் எண்டதால, அந்தக் கடிதம்தான் எங்கட ஒரே பலம்.

முற்பணம்

வருமானம் எண்டு கதைக்கேக்க இதை விட்டா ஆய்வு பொய். வலை வாங்க, இஞ்சின் திருத்த, பிள்ளையின்ர சாமத்தியச் சடங்குக்கு எண்டு எல்லாத்துக்கும் முதலாளியிட்ட முற்பணம். வட்டி இல்லை எண்டுதான் குடுக்கிறது. ஆனா பிடிச்ச நண்டை அவருக்குத்தான் போடோணும், அவர் சொன்ன விலைக்கு. கரையில ஏலம் கூறி விக்கிற மீனுக்கு இருக்கிற போட்டி நண்டுக்கு இல்லாமல் போனது இதாலதான். மைக்ரோ பினான்ஸ்காரர் பிறகு வந்தவை, அவை வட்டியும் எடுத்து வீட்டு வாசலிலயும் வந்து நிண்டவை, அதால சனத்துக்கு முதலாளி நல்லவராத் தெரியிறார், அதிலயும் பிழை சொல்லேலாது. மழைக்காலத்தில அரிசி குடுக்கிறவர் அவர்தானே.

பாசியில இது இன்னும் மோசம். வாங்கிற கொம்பனி ஒண்டோ இரண்டோதான், விதையும் அவையிட்ட, கயிறும் அவையிட்ட, விலையும் அவையிட்ட. கராஜீனன் விலை இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விளைச்சலோட ஆடுற விலை, அங்க கூட விளைஞ்சா இஞ்ச அக்காவின்ர 14 கிலோவுக்கு விலை இறங்கும், ஏனெண்டு அவவுக்கு ஒருத்தரும் விளக்கம் சொல்லப் போறேல்ல.

இதுக்கு ஒரு வழி ஊருக்குள்ளயே இருக்கு எண்டு நான் நினைக்கிறன். பச்சைப் பாசியைப் பிழிஞ்சு எடுக்கிற சாறு பயிருக்குத் தெளிக்கிற திரவப் பசளை, மண்டபம் பக்கம் அது ஏற்கனவே தொழிலா நடக்குது, சாறு எடுத்த சக்கை கராஜீனனுக்குப் போகும். எங்கட தோட்டக்காரருக்குப் பாசி புதுசில்லை, தென்னைக்கடியில சாதாளை புதைக்கிறது பழைய பழக்கம். 2021ல ரசாயனப் பசளையைத் தடை செய்த அந்தச் சில மாசம் வெங்காயத் தோட்டக்காரர் எதையாவது தெளிப்பம் எண்டு தவிச்சவை, அப்ப ஒருத்தரிட்டயும் சரக்கு இல்லை. பிழியிற மெசின், போத்தல், தரம் பாத்துச் சான்று, இதெல்லாம் செலவுதான். ஆனா வாங்கிற ஆள் இணுவிலிலயும் கோப்பாயிலயும் இருக்கேக்க விலையைப் பற்றி நேர கதைக்கலாம்.

வெளியால வாற அடி

உள்ளுக்க எவ்வளவு ஒழுங்கு செய்தாலும் இழுவைமடி வந்தா எல்லாம் போச்சு. 2017ல அப்ப எம்பியா இருந்த சுமந்திரன் கொண்டு வந்த தனிநபர் சட்டமூலம் நிறைவேறி அடியை வழிக்கிற ரோலர் தொழில் இலங்கையில தடை. இந்திய ரோலர் பாக்குநீரிணை தாண்டி வாற நாளுகளில வெளிக்கடலில நண்டுவலை போடுறவை கரையில நிப்பினம், போட்டா காலமை வலை இருக்காது. அதே சட்டம் எங்கட பக்கத்து ரோலருக்கும்தான், அதைச் சொன்னா ஊருக்குள்ள முகத்தைத் திருப்புவினம். வெளிக்கடலில வலை அறுந்தவர் அடுத்த நாள் பரவைக்கடலுக்குள்ள சின்னக் கண் வலையோட இறங்குவார், தங்கூசி எண்ட ஒற்றை நைலோன் இழை வலை தடை எண்டு தெரிஞ்சும் இறங்குவார், ஏனெண்டா அது மலிவு. எல்லைக்கு அங்கால நடக்கிறது எங்கட நண்டுக்குஞ்சின்ர தலையில விடியிறது இப்பிடித்தான்.

இப்ப நிக்கிற இடம்

சங்கம் இந்த வருசம் பாசிக்கு வாய்க்கால் ஓரத்தில ஒரு துண்டு ஒதுக்கினது, கட்டுறவை மழைக்கு முதல் அறுத்து விதைக்கான பங்கை ஆழமான இடத்தில தெப்பத்தில வச்சுக் காப்பாத்தோணும், தனித்தனியா இல்லாமல் ஒண்டாச் சேந்து. அறுந்த துண்டைப் பொறுக்கிறதும் அவையின்ர வேலை. நண்டுக்கு அளவுக்கோல் ஒண்டு வாடியில கட்டித் தொங்குது, அதுக்குக் குறைஞ்சதைச் சங்கத் தராசில போடுறேல்ல எண்டு முடிவு. முதலாளிமாரின்ர தராசில அது இன்னும் விழுகுது, அவையோட கதைச்சு முடியேல்ல, இரண்டு பேர் ஒத்துக்கொண்டவை, மற்றவர் "கொம்பனி வாங்குது, நான் ஏன் மாட்டன் எண்டோணும்?" எண்டு கேக்கிறார். அந்தக் கேள்வியை இப்ப கொம்பனியிட்டக் கடிதமாப் போட்டிருக்கிறம், சின்ன நண்டுக்குத் தனி விலை வைக்கிறதை விட்டிட்டு வாங்காமலே விடுங்கோ எண்டு. மறுமொழி வந்தா அளவுக்கோல் எல்லா வாடிக்கும் போகும், வராட்டி மஞ்சள் தரம் குடுத்தவைக்கே ஒரு பிரதி அனுப்புறதெண்டு கூட்டத்தில தீர்மானம் எழுதியாச்சு.